நான் தலையசைத்த சனிக்கிழமை

மார்ச் 24, திங்கள்

துணி துவைக்கும் நாள். மிஷன் விதிப்படி வாரத்தில் இந்த ஒரு நாள்தான் துவைக்கலாம், கடைக்குப் போகலாம், வீட்டாரோடு பேசலாம். மற்ற ஆறு நாளும் கடவுளுக்கு.

இந்த ஊரில் கடல் இருப்பதாகச் சொல்கிறார்கள். வந்து மூன்று வாரம் ஆகிறது, நான் பார்த்தது மூடுபனியை மட்டும்தான். கடலிலிருந்து எழுந்து தெருவுக்குள் நடந்து வருகிறது. இதற்கு இவர்கள் 'ஹார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கப்பல் ஊதுவது கேட்கும், கப்பல் இருக்காது. எதிரே வரும் ஆள் பாதித் தெருவில் திடீரென்று முளைப்பார். நாங்கள் கதவு தட்டினால் திறக்கிறவர்கள், பனிதான் ஆள் வடிவில் வந்து நிற்கிறது என்று நினைப்பார்களோ என்னவோ, திறந்த வேகத்தில் சாத்திவிடுகிறார்கள்.

என் பெயர் கெத்சியாள். ஆனால் நெஞ்சில் குத்தியிருக்கும் கறுப்பு அட்டையில் அது கிடையாது. 'சிஸ்டர் செல்லத்துரை' என்றுதான் இருக்கிறது. பிற்காலப் பரிசுத்தவான்கள் சபை, அதாவது ஊரார் சொல்கிற மார்மன் சபை, ஊழியர்களைக் குடும்பப் பெயரால்தான் அழைக்கும். எங்களுக்கேது குடும்பப் பெயர், அப்பா பெயரைப் போட்டுவிட்டார்கள். அப்பாவோ சபைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். பதினான்கு மாதமாக ஸ்காட்லாந்து முழுக்க அவர் பெயரில்தான் கதவு தட்டிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தால் சிரிப்பாரா, திட்டுவாரா, தெரியவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து அம்மா வீடியோவில் வந்தாள். முதல் கேள்வி சாப்பாடு. இரண்டாவது கேள்வி, "ஒருத்தராச்சும் கெடச்சாங்களா கண்ணு?"

கிடைக்கவில்லை. என்னோடு ஊழியத்துக்குக் கிளம்பிய ஜெபஸ்டின் பிலிப்பைன்ஸில் பதினோரு பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டானாம். எனக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. கணக்கு பூஜ்யம்.

சிஸ்டர் மஹே பக்கத்தில் உட்கார்ந்து காலுறை மடித்துக்கொண்டிருந்தாள். டோங்கா தீவுக்காரி. என் ஜோடி. குளியலறை தவிர வேறெங்கும் இருவரும் பிரியக்கூடாது என்பது விதி. தமிழ் புரியாவிட்டாலும் என் முகம் புரிந்திருக்க வேண்டும், ஒரு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தாள்.

மார்ச் 27, வியாழன்

நாற்பத்தொரு கதவு. ஒரு நாய் மட்டும் நட்பாக இருந்தது.

மாலை பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். பனிக்குள்ளிருந்து தமிழ் கேட்டது. யாரோ ஒரு பெண் தொலைபேசியில் யாரையோ வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். நான் கனவு என்றே நினைத்தேன். பிறகு மீன் வாசனை வந்தது, அதன் பின்னால் அவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், ரப்பர் பூட்ஸ், தலையில் கம்பளித் தொப்பி. என் அட்டையைப் படித்தார்.

"செல்லத்துரையோ? ஆற்ற பிள்ளை நீர்?"

யாருடைய பிள்ளை என்று கேட்கிறார், ஈழத்துப் பேச்சு. பதினான்கு மாதத்தில் அந்தப் பெயரை ஒழுங்காக உச்சரித்த முதல் வாய். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், கடவுள் பேச்சு ஒன்றும் அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அம்மா நினைவுதான் வந்தது.

பெயர் நகுலேஸ்வரி. இலங்கையில் வன்னிப்பக்கம். மீன் தொழிற்சாலையில் முள் எடுக்கிற வேலை. தனியாக இருக்கிறார். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

நகுலா அக்கா வீடு ஒரு பொரித்த மீன் கடைக்கு மேலே. மாடிப்படி முழுக்க எண்ணெய் மணம்.

உட்கார்ந்ததும் தேநீர் வந்தது. எங்களுக்குத் தேநீர், காபி ஆகாது என்றேன். இஞ்சி போட்டது என்றார். இஞ்சி போட்டாலும் ஆகாது என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தேத்தண்ணிக்கும் கோவிக்கிற சாமியோ?"

பிறகு கொத்தமல்லியை வறுத்துக் கொதிக்கவைத்து மல்லித்தண்ணி கொடுத்தார். சிஸ்டர் மஹே மூன்று குவளை குடித்தாள்.

பாடத்தைத் தமிழிலேயே நடத்தினேன். தமிழில் பிரசங்கம் செய்ய எவ்வளவு நாள் ஏங்கியிருக்கிறேன், தண்ணீராய் ஓடியது. அக்கா விரல்களில் சுற்றியிருந்த பிளாஸ்திரிகளைப் பிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார். சின்னப் பிள்ளைகளையும் தண்ணீரில் முக்குவீர்களா?

எனக்கு மிகப் பிடித்த இடம் அது. எட்டு வயதுவரை தேவையே இல்லை என்றேன். குழந்தைகளிடம் பாவம் கிடையாது, எட்டுக்குள் இறந்துபோனால் நேரே கடவுளிடம்தான், ஒரு சடங்கும் வேண்டாம்.

"ரெண்டு வயசெண்டால்?"

"ரெண்டும் எட்டுக்குள்ளதானேக்கா" என்று சிரித்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இரண்டாம் பாடம். நகுலா அக்காவுக்கு ஞாபகசக்தி கொஞ்சம் குறைவு. அதே எட்டு வயதுக் கேள்வியை இன்றும் கேட்டார். பொறுமையாக மறுபடி சொன்னேன்.

தேநீரை விடுவதுதான் அவருக்குப் பெரிய சோதனையாக இருக்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

நகுலா அக்கா சபைக்கு வந்தார்! கதவோரமாக உட்கார்ந்தார், தொப்பியைக் கழற்றவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். பனி ஜன்னல்வரை வந்து நின்று எங்கள் பாட்டைக் கேட்டது. முப்பது பேர் வரவேண்டிய சபையில் பதினான்கு பேர். கிளைத் தலைவர் பிரதர் கிரகாம், முப்பது வருடம் லாரி ஓட்டியவர், நகுலா அக்காவுக்குப் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுத்தார். அக்காவுக்கு ஆங்கிலப் பாட்டு தெரியாது. ஆனாலும் உதடு அசைந்தது.

ஏப்ரல் 24, வியாழன்

நகுலா அக்கா ஞானஸ்நானம் எடுக்கச் சம்மதித்துவிட்டார். நான் கேட்டு முடிக்கவே இல்லை.

"எடுக்கிறன். ஆனா ஒருக்கால்தான் தண்ணிக்க இறங்குவன். பிறகு கேக்கக் கூடாது."

ஒரு தரம் போதும் என்றேன். கரையில் நின்று இரண்டு பேர் சாட்சி பார்ப்பார்கள் என்பதையும், உடம்பு முழுக்க மூழ்க வேண்டும் என்பதையும் சொன்னேன். என் கதையையும் சொன்னேன். எட்டாவது பிறந்தநாளுக்கு மறுவாரம் என்னை முக்கியபோது சடை மட்டும் மேலே மிதந்துவிட்டது. சாட்சி நின்றவர் இல்லையென்று தலையை ஆட்ட, அங்கேயே மறுபடி முக்கினார்கள். மூக்கில் தண்ணீர் ஏறி நான் அழுத அழுகை அம்மாவுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அக்கா சிரிக்கவில்லை. அப்படியென்றால் தலைமயிரை இறுக்கிக் கொண்டை போட்டுவிடுகிறேன் என்றார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

சபைக் கட்டடத்தில் ஞானஸ்நானத் தொட்டியைக் காட்டினோம். வெறும் தொட்டி, நீல ஓடு பதித்தது. அக்கா பூட்ஸைக் கழற்றிவிட்டுப் படியிறங்கி நடுவில் நின்றார். தண்ணீர் எதுவரை வரும் என்று கேட்டார். பிரதர் கிரகாம் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். அக்கா அந்த உயரத்தைக் கையால் அளந்து தன் உடம்பில் வைத்துப் பார்த்தார். நெஞ்சுக்குக் கீழே.

"கழுத்துக்கு வராதெல்லோ" என்றார் என்னிடம். வராது என்றேன்.

மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், கடற்கரைப் பக்கம் மட்டும் நடக்கமாட்டார். எங்களோடு வரும்போதும் மேல் தெரு வழியாகச் சுற்றித்தான் வருவார். குளிர் ஒத்துக்கொள்ளாது போல.

மே 3, சனி

எல்லாம் நன்றாக நடந்தது.

தொட்டி நிறைய மூன்று மணி நேரம் பிடித்தது. வெளியே பனி, உள்ளே வெந்நீர் ஆவி. சுவர் தெரியவில்லை. வெள்ளை உடையில் பிரதர் கிரகாமும் வெள்ளை உடையில் நகுலா அக்காவும் படியிறங்கியபோது மேகத்துக்குள் இரண்டு பேர் போவதாகத்தான் எனக்குத் தோன்றியது. இதற்காகத்தானே வந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். இடப்பக்கம் நான் சாட்சி, வலப்பக்கம் சிஸ்டர் மஹே.

பிரதர் கிரகாம் வலது கையை உயர்த்தி ஜெபத்தைச் சொன்னார், ஒரு சொல் பிசகவில்லை. அக்காவைப் பின்னால் சாய்த்தார். தண்ணீர் மூடியது. எழுப்பினார். வழக்கப்படி எங்களைப் பார்த்தார். சிஸ்டர் மஹே தலையசைத்தாள். நான் தலையசைத்தேன்.

பிறகு பாட்டு, கேக், படம். எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டார்கள். நாளைக்கு அக்காவுக்கு ஷிப்ட் இருப்பதால், தலையில் கைவைத்துச் சபை உறுப்பினராக உறுதிப்படுத்துவது அடுத்த ஞாயிறு, பதினொன்றாம் தேதி.

அக்காவின் இடது மணிக்கட்டில் மீன் கத்தி கீறிய பழைய தழும்பு ஒன்று இருக்கிறது. இதுவரை நான் கவனித்ததில்லை.

மே 4, ஞாயிறு

உபவாச ஞாயிறு. பசிக்கவில்லை. எழுத ஒன்றும் இல்லை.

மே 5, திங்கள்

துணி துவைத்தோம். அம்மா ஞானஸ்நானப் படத்தைக் கோவைச் சபைக் குழுவில் போட்டுவிட்டாளாம், நூற்றுப்பத்து பேர் வாழ்த்தியிருக்கிறார்கள். பிறகு நடக்காதது நடந்தது. அப்பா திரைக்குள் வந்தார்.

"அந்தம்மா நம்ம தமிழாளா? நல்ல காரியந்தான் பண்ணியிருக்கற." அவ்வளவுதான் சொன்னார். படத்தில் என் அட்டையிலுள்ள தன் பெயரை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாராம், அம்மா சொன்னாள்.

மதியம் முழுக்கத் தூங்கினேன். தலைவலி.

மே 6, செவ்வாய்

விடிகாலைக் கனவில் தொட்டி நிறையப் பனி இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கை வெளியே நின்றது. நான் தலையசைத்துக்கொண்டே இருந்தேன், நிறுத்த முடியவில்லை.

எழுதிவிடுகிறேன். கை மேலே இருந்தது. தலை மூழ்கியது, கால் மூழ்கியது, அந்த இடது கை முழங்கையோடு தண்ணீரைவிட்டு வெளியே, உள்ளங்கை கூரையைப் பார்த்தபடி நின்றது. தழும்பில் ஒரு சொட்டு ஈரமில்லை. பிரதர் கிரகாம் கண்ணை மூடியிருந்தார். அவருடைய அகலமான தோள் மறைத்ததால் சிஸ்டர் மஹேக்குத் தெரியவில்லை. பார்த்தது நான் ஒருத்திதான்.

ஒருக்கால்தான் என்று அவர் சொல்லியிருந்தார், மறுபடி என்றால் எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். இது பாதி உண்மை. மீதி உண்மை, பூஜ்யம் ஒன்றாகட்டும் என்று எனக்கு இருந்தது. அவருடைய ஆத்துமாவின் காரியத்தில் என் பெருமைக்காகப் பொய்ச் சாட்சி சொன்னேன். ஞாயிறு உறுதிப்படுத்திவிட்டால் இந்தப் பொய்யின் மேல்தான் அவர் நிற்பார், தெரியாமலே.

காலை உணவின்போது சிஸ்டர் மஹேயிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். பிரதர் கிரகாமிடம் எப்போது போகலாம் என்று மட்டும் கேட்டாள்.

மே 7, புதன்

பிரதர் கிரகாம் காரைக் கழுவிக்கொண்டே கேட்டார். நான் பேசி முடிக்கும்வரை குழாயை மூடவில்லை, தண்ணீர் தெருவில் ஓடியது. தொட்டியை மறுபடி நிரப்பலாம், அதொன்றும் பெரிய வேலையில்லை என்றார். ஆனால் அந்த அம்மாவிடம் முதலில் போய்ச் சொல், நீயே சொல், அவர் விருப்பம்தான் என்றார். என்னைக் கண்டிக்கவில்லை. கண்டித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மே 8, வியாழன்

நகுலா அக்கா மல்லித்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோதே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் தைரியம் போய்விடும்.

"உங்க கை முங்கலீங்க்கா. நான் பார்த்தேன். பார்த்துட்டும் சரின்னு தலையாட்டிட்டேன். எங்க முறைப்படி அது செல்லாது. நீங்க திரும்ப எறங்கணும்னு கேக்க வரலை. பொய் சொன்னதச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் ஊற்றி முடித்தார். குவளையை சிஸ்டர் மஹேயிடம் நீட்டினார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "கை தானா நிக்கேல்ல. நான்தான் பிடிச்சனான்."

பிறகு சொன்னார். ஜன்னலில் பனி வந்து ஒட்டிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சண்டையின் கடைசி நாட்களில் சனங்களோடு சனமாக நந்திக்கடலைக் கடந்திருக்கிறார். கணவர் அதற்கு முந்தின மாதமே செல் குண்டு விழுந்து போய்விட்டார். கழுத்துவரை தண்ணீர். இரண்டு வயது மகள் சாருகாவை இடது கையில் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தண்ணீர் பிள்ளையின் காலைக்கூடத் தொடவில்லை. கரையேறித் தோளில் போட்ட பிறகுதான் பார்த்தாராம். எங்கிருந்தோ வந்த துப்பாக்கிச் சன்னம் ஒன்று வழியிலேயே பிள்ளை மேல் பட்டிருக்கிறது. சாருகா சத்தமே போடவில்லையாம்.

ஏப்ரல் மாதம் இந்த நோட்டில் ஞாபகசக்தி குறைவு என்று எழுதியவள் நான். என் பாடங்களிலேயே அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அதை என்னைவிட நன்றாகக் கேட்டிருக்கிறார்.

"நீர்தானே சொன்னீர், அவளுக்குத் தேவையில்லையெண்டு. ரெண்டு தரம் கேட்டனான், ரெண்டு தரமும் சொன்னீர். தேவையில்லாத பிள்ளையை ஏன் நான் தண்ணிக்க அமத்த வேணும்?"

உடம்பு முழுக்க மூழ்க வேண்டும் என்று நான் சொன்னபோது, அது தன் உடம்புக்குத்தான் என்று எடுத்துக்கொண்டாராம். அந்தக் கை தன்னுடையது என்று அவர் பதினாறு வருடமாக நினைக்கவே இல்லை.

சிஸ்டர் மஹேக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அக்கா அவளுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தார்.

நான் கிளம்ப எழுந்தேன். அக்கா கேட்டார், கோபமில்லாமல், கடைக்குப் போகும்போது பிள்ளையை யாரிடம் விடுவது என்று கேட்கிற மாதிரி.

"நான் ரெண்டு கையும் விட்டால், அவளை ஆர் வச்சிருக்கிறது?"

எங்கள் கையேட்டில் இதற்குப் பதில் கிடையாது. "நான் வெச்சிருக்கேங்க்கா" என்றேன். என்ன சொன்னேன் என்பது பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

மே 9, வெள்ளி

அக்காவிடமிருந்து குறுஞ்செய்தி. 'நாளைக்கு இறங்குறன்.'

பிரதர் கிரகாமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாட்சி நிற்கும்போது என் கைகள் பிள்ளையை ஏந்துகிற மாதிரிதான் இருக்கும் என்பதையும் சொன்னேன். சாட்சி நிற்பவர் கையை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் எங்கேயும் எழுதவில்லை என்றார். போய் வெந்நீர்க் குழாயைச் சரிபார்த்தார். போன வாரம் தண்ணீர் கொஞ்சம் ஆறிப்போயிருந்ததாம்.

அம்மாவுக்கு மின்னஞ்சல் எழுதினேன், கணக்கு மறுபடி பூஜ்யம் என்று. அப்பாவிடமும் சொல்லச் சொன்னேன்.

மே 10, சனி

கேக் இல்லை, கூட்டம் இல்லை. நாங்கள் நான்கு பேர்தான். ஆவி போன வாரத்தைவிட அடர்த்தி, எதிர்ப்பக்கம் சிஸ்டர் மஹே இருப்பது வெள்ளையாக மங்கலாகத் தெரிந்தது.

அக்கா வெள்ளை உடையில் என்னிடம் வந்தார். இடது கையை மடித்து நெஞ்சோடு வைத்திருந்தார். நான் இரண்டு கையையும் நீட்டினேன். விளையாட்டாக இருக்குமோ என்று வரும் வழியெல்லாம் பயந்தேன். இல்லை. அவர் முகத்தைப் பார்த்த பிறகு அந்தப் பயம் போய்விட்டது.

"தலையைத் தாங்கிப் பிடியும்" என்றார். நான் பிடித்திருந்த விதம் சரியில்லை போல, என் முழங்கையைத் தொட்டுக் கொஞ்சம் உயர்த்திவிட்டார். பிறகு ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு இறங்கினார். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

பிரதர் கிரகாம் ஜெபத்தைச் சொன்னார், இந்தத் தரமும் சொல் பிசகவில்லை. அக்கா சாய்ந்தார். கொண்டை, நெற்றி, வெள்ளை உடையின் ஓரம், கடைசியாக அந்த இடது கை. அது கொஞ்சம் தயங்கியது. விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. தழும்பு மறைந்தது. தண்ணீர் மூடி வழவழவென்று ஆகும்வரை கண்ணிமைக்காமல் பார்த்தேன். என் வாழ்க்கையில் எதையும் அப்படிப் பார்த்ததில்லை.

எழுந்தார். பிரதர் கிரகாம் பார்த்தார். நான் தலையசைத்தேன். கண்ணில் நீர் கட்டியிருந்தது, துடைக்க முடியவில்லை. இரண்டு கையும் ஒழியவில்லை.

சிஸ்டர் மஹே துண்டோடு வந்தாள். அக்கா துண்டை வாங்காமல், சொட்டச் சொட்ட நேரே என்னிடம் வந்தார். வாங்கிக்கொள்ளப் போகிறார் என்று கைகளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டார். இரண்டும் நனைந்திருந்தன.

"இறக்கி விடும் பிள்ளை" என்றார். "ரெண்டு வயசுதானே. நடப்பாள்."

குனிந்து இறக்கி விட்டேன். தரையெல்லாம் ஒரே ஈரம். வழுக்கிவிடுமோ என்று பயந்து, கொஞ்ச நேரம் விரலை விடாமல் பிடித்திருந்தேன்.